ஆம்புலன்ஸுக்கு முன்னால் வருகிறவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் பென்சில்வேனியா என்றொரு மாநிலம். அதன் மேற்குக் கோடியில் பிட்ஸ்பர்க், கிழக்குக் கோடியில் ஃபிலடெல்ஃபியா. நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 1967இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. உயிருக்குப் போராடுகிறவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றக் கூடாது, பயிற்சி பெற்றவர்களின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். உலகம் முழுவதும் இன்று ஓடும் ஆம்புலன்ஸ் சேவைக்கு அது ஒரு முன்னோடி. இருபது வருடம் கழித்து, 1987இல், அதே மாநிலத்தின் மறுகோடியில் ஃபிலடெல்ஃபியா காவல் துறை இதற்கு நேர்மாறாக ஒன்றை எழுதி வைத்தது. குண்டடியோ கத்திக்குத்தோ பட்டவரை ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் போலீஸ் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்றது.

இரண்டு ஊரும் செய்தது சரி என்பது என் கட்சி. அது எப்படிச் சரியாகும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் பிட்ஸ்பர்க். 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டில் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை நடத்திக்கொண்டிருந்தவர்கள் சவ அடக்கத் தொழில் செய்கிறவர்கள் என்று அதில் இருந்தது. காரணம் எளியது. ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற நீளத்தில் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. பிழைத்தாலும் அவர்கள் வண்டி, பிழைக்காவிட்டாலும் அவர்கள் வண்டி. இதில் யாருக்கு என்ன அவசரம் என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

பிட்ஸ்பர்க்கில் இந்த வேலை போலீஸிடம் இருந்தது. கைதிகளை ஏற்றிப் போகிற வேன் வரும். இரண்டு காவலர்கள் இறங்குவார்கள், துணி ஸ்ட்ரெச்சரில் ஆளைத் தூக்கிப் பின்னால் வைப்பார்கள், இருவரும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் நோயாளி தனியாக. வழியில் நாக்கு தொண்டையை அடைத்தால் பார்க்க ஆள் இல்லை. ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே போலீஸைக் கூப்பிடவே பயம். கூப்பிட்டாலும் வருவார்கள் என்று நிச்சயமில்லை.

1966 நவம்பரில் ஒரு தேர்தல் கூட்ட மேடையில் டேவிட் லாரன்ஸ் சரிந்து விழுந்தார். பிட்ஸ்பர்க்கின் மேயராகவும் பென்சில்வேனியாவின் ஆளுநராகவும் இருந்தவர். கூட்டத்தில் இருந்த ஒரு செவிலியர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுத்தார். வந்ததோ போலீஸ் வண்டி. மருத்துவமனையில் இதயம் துடித்தது, மூளை திரும்பவில்லை. சில நாட்களில் இறந்துபோனார். ஆளுநராக இருந்தவருக்கே இந்த வண்டிதான் என்றால் ஹில் டிஸ்ட்ரிக்ட்டில் இருக்கிறவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

அந்த ஊரில்தான் பீட்டர் சாஃபர் இருந்தார். வியன்னாவில் பிறந்த மயக்க மருந்து நிபுணர். நாம் இன்று சி.பி.ஆர். என்று சொல்கிற முறையை, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதையும் நெஞ்சை அழுத்துவதையும் ஒன்றாக்கி, வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். அதே 1966இல் ஆஸ்துமாவுக்குத் தன் பதினொரு வயது மகளைப் பறிகொடுத்திருந்தார். மருத்துவமனைக்குள் என்ன செய்தாலும் வாசலுக்கு வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு ஹில் டிஸ்ட்ரிக்ட்டில் வேலையில்லாதவர்களுக்கு வேலை ஏற்படுத்திக்கொண்டிருந்தது. அங்கிருந்து கறுப்பின இளைஞர்களை எடுத்தார்கள். சிலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், சிலர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். சாஃபர் அவர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சித் திட்டம் வகுத்தார். உடற்கூறு, மூச்சுக் குழாய், ரத்தப்போக்கு, பிரசவம் எல்லாம் அதில் உண்டு. முதல் வருடத்திலேயே ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்குப் போனார்கள். போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்டுப் போலீஸுக்கு முன்னால் போய் நிற்பதும் உண்டு. பிற்பாடு நான்சி கேரலைன் என்ற இளம் மருத்துவர் அவர்களுக்குத் தலைமை ஏற்று, அந்த அனுபவத்திலிருந்து தேசிய அளவிலான பாடத்திட்டத்தையே எழுதினார். 1975இல் நகர நிர்வாகம் சேவையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. தொடங்கி வைத்தவர்களில் பலர் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டார்கள். அது இன்னொரு நாள் பேச வேண்டிய அநியாயம்.

ஆக, பிட்ஸ்பர்க் சொன்ன பாடம் தெளிவாகத்தான் இருக்கிறது. போலீஸ்காரர் போலீஸ் வேலையைப் பார்க்கட்டும், நோயாளியைத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். உலகமே இதை ஏற்றுக்கொண்டது. நம் ஊர் 108 இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

பிறகு எதற்காக ஃபிலடெல்ஃபியா வேறு வழியில் போனது?

அங்கே ஒரு வழக்கம். தெருவில் துப்பாக்கிச் சூடு என்று தகவல் வந்தால் முதலில் வந்து சேர்வது ரோந்துக் கார். காவலர்கள் காயம்பட்டவரை அள்ளிப் பின் சீட்டில் கிடத்துகிறார்கள், சைரன் போட்டுக்கொண்டு அருகிலுள்ள விபத்துச் சிகிச்சை மையத்துக்குப் பறக்கிறார்கள். கழுத்துப் பட்டை கிடையாது, டிரிப் கிடையாது, ஆக்சிஜன் கிடையாது. சில நிமிடங்களில் ஆள் அறுவை மருத்துவர் முன்னால். ‘ஸ்கூப் அண்ட் ரன்’ என்று பெயர். பிட்ஸ்பர்க்கில் 1967இல் எதை அவமானம் என்று தூக்கி எறிந்தார்களோ, பார்வைக்கு அச்சாக அதேதான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 2003 முதல் 2007 வரை குண்டடியோ கத்திக்குத்தோ பட்டு ஃபிலடெல்ஃபியாவின் விபத்துச் சிகிச்சை மையங்களுக்கு வந்த 4,122 பேர். ஆய்வு 2014இல் வெளியானது. மேலோட்டமாகப் பார்த்தால் போலீஸ் கொண்டுவந்தவர்களில் 29.8 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்களில் 26.5. பத்திரிகைச் செய்தியாக இருந்தால் இந்த இடத்திலேயே தலைப்புப் போட்டுவிடுவார்கள். ஆனால் போலீஸ் கொண்டுவந்தவர்கள் கூடுதலாக அடிபட்டவர்கள். காயத்தின் கடுமையைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது இரு தரப்புக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை என்று ஆனது. கடுமையான காயம்பட்டவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் போலீஸ் காரில் வந்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள்.

முந்நூறு மணி நேரமும் அதற்கு மேலும் பயிற்சி பெற்றவர் செய்ய முடியாததை, வண்டி ஓட்ட மட்டும் தெரிந்தவர் செய்துவிட்டார் என்பது எப்படி? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விஷயம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். குண்டு வயிற்றுக்குள்ளோ மார்புக்குள்ளோ போய் ஒரு பெரிய குழாயைக் கிழித்துவிட்டால் ரத்தம் உள்ளேயே கொட்டும். வெளியிலிருந்து அழுத்த வழியில்லை, கட்டுப் போட இடமில்லை. திறந்து, ஓட்டையைத் தேடிப் பிடித்து, கவ்வியால் பிடிக்கிற வரை அது நிற்காது. அதைச் செய்ய அறுவை அரங்கு வேண்டும். தெருவில் செய்கிற எந்தத் திறமையான காரியமும் அந்த அரங்கைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். 1994இல் ஹூஸ்டனிலிருந்து வந்த ஆய்வு இதை வேறு வழியில் காட்டியது. உடம்பைத் துளைத்த காயமும் தாழ்ந்த ரத்த அழுத்தமும் உள்ளவர்களில் ஒரு சாராருக்கு வழியிலேயே நரம்பில் திரவம் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு அறுவை அரங்கு போகும் வரை ஏற்றவில்லை. ஏற்றாதவர்களில் 70 விழுக்காட்டினர் பிழைத்தார்கள், ஏற்றியவர்களில் 62. ஓட்டையை அடைக்காமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால், உறைந்து அடைத்துக்கொண்டிருந்த கட்டி பிய்த்துக்கொண்டு போகிறது, மிச்ச ரத்தமும் நீர்த்துவிடுகிறது. நான் மருத்துவம் படித்த காலத்தில், அடிபட்டு வந்தவனுக்குக் கையில் இரண்டு பக்கமும் ஊசி போட்டு டிரிப்பைத் திறந்துவிடு என்பதுதான் வேதவாக்கு.

டேவிட் லாரன்ஸுக்கு வந்ததோ வேறு நோய். நின்றுபோன இதயம். அங்கே வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. மூளை நாலைந்து நிமிடம்தான் தாங்கும். யாராவது அங்கேயே மண்டியிட்டு நெஞ்சை அழுத்த வேண்டும், அந்த இடத்திலேயே இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரம் முழுவதும் அழுத்தாத நேரம்.

ஆகவே காவலர் மருத்துவ உதவி செய்ய வேண்டுமா கூடாதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்தக் காயத்துக்கு என்று கேட்க வேண்டும். துளைத்த காயம் வண்டியைக் கேட்கிறது. நின்ற இதயம் கையைக் கேட்கிறது. மோதி நசுங்கிய உடம்பு இரண்டையும் கேட்காமல் பொறுமையைக் கேட்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நின்ற இதயத்துக்குப் போலீஸ் என்ன செய்ய முடியும் என்பதை மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் என்ற சிறிய நகரம் காட்டியது. மேயோ மருத்துவமனை இருக்கிற ஊர். அங்கே ரோஜர் வைட் என்ற மருத்துவரின் முயற்சியில் 1990 முதல் ரோந்துக் கார்களில் ஏ.இ.டி. கருவியை வைத்தார்கள். நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டினால் போதும், துடிப்பைப் படித்து, அதிர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று கருவியே சொல்லும். அவசர அழைப்பு வந்ததும் ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகும். யார் முதலில் வருகிறாரோ அவர் பட்டையை ஒட்டுவார். 1996இல் வெளியான கணக்கில் இப்படி இதயம் தாறுமாறாகத் துடித்து நின்ற 84 பேர் இருந்தார்கள். 31 பேருக்கு முதல் அதிர்ச்சி கொடுத்தவர் காவலர். அவர்களில் 18 பேர் வீட்டுக்கு நடந்து போனார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் முதல் அதிர்ச்சி கொடுத்த 53 பேரில் 23 பேர். மொத்தத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்தது அந்நாளில் எந்த நகரமும் எளிதில் நம்பாத கணக்கு.

இதில் காவலரின் மருத்துவ அறிவுக்குப் பங்கு குறைவு. அவர் இருந்த இடத்துக்குத்தான் பங்கு அதிகம். ஆம்புலன்ஸ் ஒரு நிலையத்திலிருந்து புறப்படும், நோயாளியை இறக்கிவிட்டு ஸ்ட்ரெச்சர் திரும்பக் கிடைக்கும் வரை மருத்துவமனை வாசலில் நிற்கும். ரோந்து வண்டி எப்போதும் தெருவில். இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தமும் அதிர்ச்சியும் இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைக் கழித்துவிடும். மூன்று நிமிடம் முன்னால் வருகிற சாதாரண ஆள், மூன்று நிமிடம் பின்னால் வருகிற நிபுணரைவிடப் பெரிய வைத்தியர்.

போதை மருந்து அளவு மீறியவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓப்பியாய்டு வகை மருந்து மூச்சை நிறுத்திக் கொல்கிறது. நலாக்ஸோன் மூக்கில் தெளித்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்ஸி நகரக் காவல் துறை 2010இல் ரோந்து போகும் காவலர் அனைவரும் இதை வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கியது. பிறகு நாடு முழுவதும் பரவியது. சிக்கல் மருந்தில் இல்லை. பக்கத்தில் மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காக அழைத்தால் வருகிறவர் போலீஸ். வந்தவர் விலங்கு மாட்டினால்? அந்தப் பயத்தில் அழைக்காமலே விட்டவர்கள் எத்தனையோ பேர். அழைத்தவரைப் போதைப்பொருள் வைத்திருந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று நியூ மெக்சிகோ 2007இல் முதலில் சட்டம் செய்தது. காவலர் கையில் மருந்து கொடுப்பதற்கு முன்னாலேயே அவர் மேல் இருக்கிற பயத்துக்கு மருந்து தேட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பயம் என்று வந்துவிட்டபோது, கசப்பான பகுதியைத் தாண்டிப் போக முடியாது. உதவுகிற கை சில சமயம் காயத்தை உண்டாக்கிய கையாகவே இருக்கிறது. 1983இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், போலீஸ் சுட்டுப் பிடித்தவருக்கு மருத்துவம் கிடைக்கச் செய்வது அரசின் அரசியல் சட்டக் கடமை என்று சொல்லியிருந்தது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு காவலரின் முழங்கால் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் இருந்தது. கூட இருந்த இன்னொரு காவலர் நாடி பார்த்தார். கிடைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். அவர்கள் எல்லோரும் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பக்கமாக வந்த, பணியில் இல்லாத ஒரு தீயணைப்பு வீரர் தான் உதவுவதாகக் கெஞ்சினார், விடவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. முழங்கால் வைத்தவரின் வழக்கு உலகம் அறிந்தது. கூட இருந்த மூன்று காவலர்களையும் 2022 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. குற்றம்: மருத்துவ உதவி தேவைப்படுகிறது என்று தெரிந்தும் கொடுக்காமல் நின்றது.

பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த வழக்கைத்தான் காட்டுவேன். நாடி பார்க்கத் தெரிந்திருந்தது. கிடைக்கவில்லை என்றும் தெரிந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1999இல் கொலம்பைன் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூட்டில் ஓர் ஆசிரியர் வகுப்பறைக்குள் மணிக்கணக்காக ரத்தம் சிந்திக் கிடந்தார். வெளியே காவலர்கள் சிறப்புப் படைக்காகக் காத்திருந்தார்கள். கட்டடம் பாதுகாப்பானது என்று அறிவித்த பிறகுதான் மருத்துவ உதவி உள்ளே போகலாம் என்பது அன்றைய விதி. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அறுவை மருத்துவர்களும் காவல், தீயணைப்பு அதிகாரிகளும் கூடி இதை மாற்றினார்கள். சுடுகிறவனை அடக்கியதும் அடுத்த வேலை ரத்தத்தை நிறுத்துவது, அதை அங்கே இருக்கிற காவலரே செய்ய வேண்டும் என்றார்கள். கை கால்களில் பீறிடும் ரத்தத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை காவலரின் இடுப்புக்குப் பரவலாக வந்தது அதன் பிறகுதான். அதற்கு முந்தைய ஆண்டு, 2012இல், கொலராடோ மாநிலத்தின் அரோரா திரையரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆம்புலன்ஸ்கள் நெரிசலில் மாட்டிக்கொள்ள, காவலர்கள் யாரையும் கேட்காமல் தங்கள் கார்களில் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸில் போனவர்களைவிடப் போலீஸ் காரில் போனவர்கள் அதிகம். விதி எழுதப்படுவதற்கு முன்பே தெருவில் அது நடந்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே ஃபிலடெல்ஃபியாவை அப்படியே காப்பியடித்தால் ஆட்களைக் கொன்றுவிடுவோம். நம் சாலையில் அடிபடுகிறவருக்குத் துளைத்த காயம் குறைவு. லாரி மோதி, பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தலையும் கழுத்தும் இடுப்பெலும்பும் நசுங்கியவர்கள்தான் அதிகம். அவரைக் கையிரண்டும் காலிரண்டும் பிடித்துத் தூக்கி, ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிப் போட்டுக் கொண்டுவருவதை அவசரப் பிரிவு வாசலில் நின்றவர்கள் அனைவரும் பார்த்திருப்போம். கொண்டுவந்தவரின் நல்ல மனதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடந்து வந்திருக்க வேண்டியவன் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் வந்து சேர்வதும் அந்த நல்ல மனதால்தான். இங்கே காவலரிடம் நாம் கேட்பது வேறு. வண்டி தீப்பிடிக்காத வரை ஆளை நகர்த்தாதே. பீறிடும் ரத்தத்தைத் துணி வைத்து அழுத்து, எடுத்து எடுத்துப் பார்க்காதே. வாய்க்குள் ரத்தமும் வாந்தியும் அடைத்திருந்தால் தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி இரண்டு பேர் சேர்ந்து ஒருக்களி. தண்ணீர் கொடுக்காதே. செல்போனில் படம் எடுக்கிற கூட்டத்தைத் தள்ளி, 108 வர வழி விடு. இதில் கடைசி வேலையைக் காவலரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

பஞ்சாபில் 2024 ஜனவரியில் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு காவல் படையைத் தொடங்கினார்கள். 144 வண்டிகள், நெடுஞ்சாலையில் 30 கிலோமீட்டருக்கு ஒன்று, உள்ளே முதலுதவிப் பெட்டியும் பயிற்சி பெற்ற காவலர்களும். தமிழ்நாட்டிலும் நெடுஞ்சாலை ரோந்து வண்டிகள் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. மருத்துவமனைப் பக்கம் கதவு திறந்துதான் இருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் பாக்கி.

அந்த நேரத்தைத் தின்பது எது? தூரத்தைவிடக் காகிதம்தான் என்பது என் அனுபவம். 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பரமானந்த் கட்டாரா வழக்கு நினைவிருக்கும். ஸ்கூட்டரில் போனவரைக் கார் மோதியது. அருகிலிருந்த மருத்துவமனையில் இது போலீஸ் கேஸ், இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே போ என்றார்கள். வழியில் இறந்தார். முதலில் உயிர், பிறகுதான் சட்டச் சடங்கு என்றது நீதிமன்றம். உதவ வந்தவரைக் காவல் நிலையத்துக்கு இழுத்தடிக்கக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக அது ஏறியது. நல்ல சட்டம்தான். ஆனால் படித்துப் பாருங்கள், அதன் கவலை முழுக்கப் பொதுமக்களைப் போலீஸ் தொந்தரவிலிருந்து காப்பாற்றுவது. உதவுகிறவராகக் காவலரே இருக்கலாம் என்ற எண்ணம் அதன் மையத்தில் இல்லை.

காவலரின் மனத்திலும் இல்லை. ஸ்பாட்டுக்கு வந்த ஏட்டையாவுக்கு ஆயிரம் யோசனை. இந்த இடம் நம் லிமிட்டா, பக்கத்து ஸ்டேஷனா? வண்டி நம்பர் என்ன? ஆளை நகர்த்தினால் நாளைக்கு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பாரே? ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போட்டு இன்டிமேஷன் வருவதற்குள் ஆள் போய்விட்டால் செக்ஷன் மாறுமே? இவ்வளவையும் யோசித்துக்கொண்டிருக்கிறவரிடம் போய், ரத்தத்தை அழுத்திப் பிடியுங்கள் என்று சொன்னால் அவர் நம்மை விநோதமாகப் பார்ப்பார். தடயமா உயிரா என்று வந்தால் தடயம் என்றுதான் அவரைப் பழக்கியிருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டும் மோதுகிற இடங்கள் மிகக் குறைவு. தூக்கில் தொங்குகிறவரை இறக்கும்போது முடிச்சை அவிழ்க்காமல், முடிச்சுக்குத் தள்ளி வேறிடத்தில் கயிற்றை அறுக்க வேண்டும். அவிழ்ப்பதைவிட அறுப்பது வேகம்; உயிருக்கும் நல்லது. முடிச்சு அப்படியே இருப்பதால் தடய அறிவியல் மருத்துவருக்கும் நல்லது. கத்திக்குத்துப் பட்டவரின் சட்டையைக் கிழிக்கும்போது குத்திய ஓட்டை வழியாக வெட்டாமல் சுற்றி வெட்டினால் காயமும் தெரியும், சட்டையும் சாட்சி சொல்லும். பூச்சிமருந்து குடித்தவரோடு பாட்டிலையும் கொண்டுவரச் சொல்கிறோம். புலன் விசாரணைக்கு அது தடயம். எனக்கோ எந்த மாற்று மருந்து என்று முடிவு செய்கிற விலாசம். பாட்டில் இல்லாமல் வந்த இரவுகளில் உடையை முகர்ந்தும் கண்மணியைப் பார்த்தும்தான் ஊகித்திருக்கிறோம். பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதைத் தடுக்கிற அதிகாரம் அந்தத் தெருவில் காக்கிச் சட்டைக்குத்தான் உண்டு. ஊர்ப் பெரியவர் டாக்டர் பேச்சைக் கேட்கமாட்டார், இன்ஸ்பெக்டர் பேச்சைக் கேட்பார்.

டூர்னிக்கே பட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பாடப் புத்தகத்தை இங்கே இறக்குமதி செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கால் நசுங்கி ரத்தம் பீறிட்டால் இறுக்கிக் கட்டு, கட்டிய மணியை எழுதி வை என்று காவலருக்குச் சொல்லிக் கொடுப்போம். சரி. அடுத்த வாரம் அவர் வயலில் பாம்பு கடித்தவரைப் பார்க்கிறார். ஏற்கெனவே ஊரே துண்டை முறுக்கிக் கட்டுகிற பழக்கம்; இவரும் சேர்ந்து இன்னும் இறுக்குவார். பாம்புக்கடிக்குக் கட்டவே கூடாது. காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பட்டை எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பதை ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லாவிட்டால் பட்டையைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்று கேட்டால், என் பட்டியல் சின்னது. நெஞ்சழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம், கை ஓய்ந்தால் அடுத்தவர். ரத்தத்தை அழுத்துவது. மயங்கியவரை ஒருக்களிப்பது. எதைச் செய்யக் கூடாது என்பது. ஒரே நாளில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நாள் சொன்னது சில மாதங்களில் கையை விட்டுப் போய்விடும். துப்பாக்கி சுடும் பயிற்சியைத் திரும்பத் திரும்ப வைக்கிறோம். பெரும்பாலான காவலர்கள் பணிக்காலம் முழுவதும் ஒரு மனிதரை நோக்கிச் சுடப் போவதில்லை. சாலையில் மூச்சுத் திணறிக் கிடப்பவரைப் பார்க்காமல் ஓய்வு பெறும் காவலரோ அநேகமாக இருக்கமாட்டார். நெஞ்சழுத்தப் பயிற்சியை அதே கால இடைவெளியில் வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

செலவு வேறோர் இடத்தில் உண்டு, அதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. அடிபட்டவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய பிறகு சீட்டில் தேங்கிய ரத்தத்தை யார் கழுவுவது? பெரும்பாலும் அதே காவலர், அதே வெறுங்கையால், பங்க்கில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி. ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். முதலுதவிப் பெட்டி கொடுக்கிற அரசு அதில் கையுறை வைக்கிறதா, வைத்த கையுறை தீர்ந்தால் மறுபடி எந்தக் கணக்கில் வாங்குவது, வண்டியை வைத்துக் கழுவ எந்த மருத்துவமனை தன் வளாகத்தில் இடம் கொடுக்கும், ரத்தக் கறை படிந்த சீருடைக்கு மாற்று உண்டா என்பதையெல்லாம் திட்டம் வகுக்கும்போதே எழுத வேண்டும். இங்கே வந்திருக்கும் காவல் துறை அதிகாரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் சேரும் நாளிலேயே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. முதல் இரண்டும் பயிற்சியின்போதே முடிந்துவிடும். மூன்றாவதுதான் போஸ்டிங் அவசரத்தில் விட்டுப் போகும். அதை மட்டும் யாராவது ஒருவர் பொறுப்பில் விட்டு, பணிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.